தாலி கட்டும் நேரத்தில் நிற்கும் படம்

“படம் சுத்திக்கிட்டே நிக்குதுங்க” என்று போன் வந்தால், எந்த டிவி, எந்தக் கம்பெனி நெட் என்று விசாரிக்கும் முன்பே வேறு சில கேள்விகளைக் கேட்டுவிடுவேன். எப்போது போட்டாலும் படத்தில் அதே இடத்தில்தான் நிற்கிறதா? இல்லை, இடம் மாறினாலும் கடிகாரத்தில் அதே நேரமா? அதுவும் இல்லையென்றால், போட்டு எவ்வளவு நேரம் கழித்து நிற்கிறது? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. “ரெண்டு நாள் கவனிச்சுட்டுச் சொல்லுங்க” என்று போனை வைத்துவிடுவேன். எனக்குத் திமிர் என்று சொல்பவர்கள் ஊரில் உண்டு. இந்தப் பதில் இல்லாமல் கிளம்பினால் பெட்ரோல் செலவுதான் மிச்சம்; பெட்டியைக் கழற்றி மாட்டுவோம், நாம் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும், வண்டி தெருமுனை திரும்பியதும் மறுபடி போன் வரும்.

உடுமலைப்பேட்டையில் தளி ரோட்டுப் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை. சிசிடிவி கேமரா, லேன் வயரிங், இன்வெர்ட்டர் என்று வருகிற வேலையெல்லாம் செய்வேன். அதில் ஒன்றாக வந்து ஒட்டிக்கொண்டதுதான் வீட்டு மீடியா சர்வர். தொழில் தொடங்கியது கேபிள் டிவியில். கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலம் முடிகிற தறுவாய். 1993-ல் சன் டிவி வந்ததும் தெருவுக்குத் தெரு வயர் ஓடியது. ஒரு தெருவில் படம் புள்ளி புள்ளியாக வந்தால், கேபிள்காரர் என்னை முதல் வீட்டுக்கும் அனுப்ப மாட்டார், கடைசி வீட்டுக்கும் அனுப்ப மாட்டார். நடுவில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரில் சின்ன டிவியை மாட்டிப் பார்க்கச் சொல்வார். அங்கே படம் சுத்தமாக இருந்தால் கோளாறு அதற்கு அப்பால், இல்லையென்றால் இப்பால். மிச்சப் பாதியை மறுபடி பாதியாக்கு. இன்றைக்கும் நான் செய்வது அதுதான். ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் சுவிட்ச், சின்ன டிவிக்குப் பதில் லேப்டாப்.

சர்வர் என்றதும் குளிர்சாதன அறையையெல்லாம் நினைக்க வேண்டாம். வீட்டுக் கல்யாண வீடியோ, காதுகுத்து, கும்பாபிஷேகம், காசு கொடுத்து வாங்கிய டிவிடிகள் எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கும். அதைச் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் மாட்டிவிட்டால், வீட்டிலுள்ள எந்த டிவியிலும் எந்த போனிலும் எடுத்துப் பார்க்கலாம். நேற்று வந்த புதுப்படத்தை ஏற்றித் தரச் சொன்னால் அந்த வேலை என்னிடம் இல்லை என்று சொல்லிவிடுவேன். 2012-ல் 35 டாலருக்கு ராஸ்பெர்ரி பை வந்தபோது, கையளவுப் பலகையில் இதெல்லாம் முடியும் என்று தெரிந்தது. கொரோனாவுக்குப் பின் சிப் தட்டுப்பாட்டில் அது கிடைக்காமல் போய், கிடைத்த இடத்தில் விலையும் ஏறியபோது, எங்கள் பக்கத்துக்குக் கைகொடுத்தது அரசு லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பிள்ளை படித்து வேலைக்குப் போய்விட்டது, லேப்டாப் பரணில் கிடக்கிறது. அதை இறக்கித் தூசி தட்டி லினக்ஸ் போட்டால் சர்வர் தயார். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கியிருந்தால் மட்டும் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். நல்ல பேட்டரியாக இருந்தால் கரண்ட் போகும்போது அதுவே யுபிஎஸ்.

இதில் முதலில் புரியவைக்க வேண்டியது, இந்தப் படம் இன்டர்நெட்டில் வருவதில்லை என்பதை. கீழ் ஹாலிலிருந்து மேல் ரூமுக்கு, வீட்டுக்குள்ளேயே போகிறது. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து, பிளானை 300 எம்பிபிஎஸ் ஆக்கி, அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போனதும் ஃபைபர் வயரை மோடத்திலிருந்து உருவிவிட்டுப் படத்தைப் போடச் சொல்வேன். அப்போதும் சுற்றினால் நெட்காரர்மேல் பழி இல்லை.

பழனி ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்தை 4கே-யில் எடுத்து, டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் உறவுக்கூட்டம் சேரும்போதெல்லாம் மேல் ரூம் டிவியில் அதைப் போடுவார்கள். நிச்சயதார்த்தம் ஓடும், இணைச்சீர் ஓடும், மாப்பிள்ளை அழைப்பு ஓடும். கெட்டிமேளம் கொட்டி மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தால் படம் நின்றுவிடும். வட்டம் சுற்றும். ஒரு முறை என்றால் சிரித்துக்கொண்டு போகலாம். போடுகிறபோதெல்லாம் அதே இடம். அம்மாயி ஒருத்தி “சகுனம் செரியில்லியே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட, அது சம்பந்தி வீடுவரைக்கும் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டது புது மாப்பிள்ளை. “அண்ணா, எப்படியாச்சும் ஒருக்கா தாலி கட்ட வெச்சிருங்க” என்றார்.

ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் வழக்கமாக என் கை ஹார்டு டிஸ்க் பக்கம்தான் போகும். அங்கே ஒரு மூலை கெட்டிருக்கும். ஆனால் அந்த ஃபைலை முழுதாகப் பென்டிரைவுக்குக் காப்பி எடுத்தபோது ஒரு எர்ரரும் இல்லை. பென்டிரைவை டிவியின் முதுகில் நேராகச் செருகினேன். தாலி ஏறியது. கூடத்தில் யாரோ குலவை போட்டார்கள். அம்மாயிக்கு அதுவே போதும், எழுந்து போய்விட்டார். எனக்குத்தான் வேலை அப்போது ஆரம்பம். டிஸ்கில் குறையில்லை, ஃபைலில் குறையில்லை, டிவியும் ஓட்டுகிறது. ஆகவே கோளாறு நடுவில். நடுவில் என்றால் ஏன் அந்த ஒரே இடத்தில்?

வீடியோ ஃபைல் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப்படமாக வைத்துக்கொள்வதில்லை. முந்தின ஃப்ரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும். பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் உட்கார்ந்திருக்க, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தால், மாறுவது கொஞ்சம், டேட்டாவும் கொஞ்சம். தாலி கட்டும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். நாலு பக்கமிருந்தும் அட்சதை, அதோடு பூ இதழ். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் பறக்கிறது. நாலைந்து கேமராக்காரர்களின் ஃப்ளாஷ் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி, மின்னும்போதெல்லாம் முழு ஃப்ரேமும் வெளுத்துத் திரும்புகிறது. முந்தின ஃப்ரேமிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அந்த ஃபைலின் சராசரி நொடிக்கு 45 மெகாபிட் அளவில் இருந்தது. நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தால் தாலிக்கட்டில் 80-ஐத் தாண்டி ஏறி, அட்சதை தரையில் விழுந்ததும் இறங்கியது. வீட்டிலேயே அதிகம் டேட்டா கேட்கிற அரை நிமிஷம் அதுதான். பாதையில் எங்கே இறுக்கம் இருந்தாலும் அங்கேதான் வெளிப்படும்.

சர்வர் கீழே. அங்கிருந்து வெளிச்சுவர் ஏறி, மொட்டைமாடி ஓரமாகப் போய், மேல் ரூமில் இறங்குகிறது லேன் கேபிள். முப்பது முப்பத்தைந்து மீட்டர் இருக்கும். கீழே சர்வர் பக்கத்திலேயே லேப்டாப்பை மாட்டி, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் புரோகிராமை ஓட்டினால் 900 மெகாபிட்டுக்கு மேல் காட்டியது. மேலே டிவிக்குப் போகும் முனையை லேப்டாப்பில் செருகினேன். கிகாபிட் பிடிக்காமல் 100-க்கு இறங்கியது. அந்த 100-லும் ஒழுங்காக 94 வர வேண்டும். வந்தது முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஊசலாட்டம். சிஆர்சி எர்ரர் எண்ணிக்கை கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. சிதைந்து வந்த பாக்கெட்டுகளை வாங்க மாட்டேன் என்று கார்டு குப்பையில் போடுகிறது, சர்வர் திரும்ப அனுப்புகிறது. பாதி நேரம் அதிலேயே போகிறது.

கேபிள் டெஸ்டரை மாட்டினால் ஒன்றிலிருந்து எட்டுவரை விளக்கு வரிசையாக எரிந்தது. கேபிள் இழுத்த பையனும் இதைத்தான் பார்த்து “ஓகே” சொல்லிவிட்டுப் போயிருப்பான். எட்டுக் கம்பியும் அந்தந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதுவரைதான் அந்த டெஸ்டருக்குத் தெரியும். ஆர்ஜே கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம், பழுப்பு வெள்ளை, பழுப்பு. பார்க்க அழகான வரிசை. ஜோடி ஜோடியாக நிற்கிறது. இரண்டு முனையிலும் அதே வரிசை. அதுதான் கோளாறு.

100 மெகாபிட் ஓடுவதற்கு முதல் இரண்டு பின் ஒரு ஜோடி, மூன்றாவதும் ஆறாவதும் இன்னொரு ஜோடி. நடுவில் நாலும் ஐந்தும் வேறு ஜோடி. இந்தப் பையன் போட்ட வரிசையில் மூன்றாவது பின்னில் பச்சை வெள்ளை, ஆறாவதில் நீலம். இரண்டும் ஒன்றோடு ஒன்று முறுக்கப்படாதவை. பச்சை வெள்ளை தன் பச்சையோடு முறுக்கிக்கொண்டு போகிறது, நீலம் நீல வெள்ளையோடு. ஜோடியாகப் போக வேண்டிய சிக்னல் இரண்டு வெவ்வேறு முறுக்கில் பிரிந்து போகிறது. கேபிளுக்குள் முறுக்கு சும்மா அழகுக்கு இல்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இரண்டு கம்பியும் மாறி மாறி இடம் மாற்றிக்கொண்டே போவதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறி, மறுமுனையில் கழிந்துவிடுகிறது. முறுக்கு பிரிந்தால் கழியாது. பக்கத்து ஜோடியின் சிக்னலே இரைச்சலாக ஏறிக்கொள்ளும். இரண்டடிப் பேட்ச் கார்டு என்றால் தாங்கிவிடும். முப்பது மீட்டரில் தாங்காது.

இதையெல்லாம் நான் கஸ்டமரிடம் விளக்கிக்கொண்டிருப்பதில்லை, யாருக்கும் பொறுமை கிடையாது. ஆனால் அந்த ஃபிட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டார். ஆயுசு முழுக்க ஒரு இஞ்சுக்கு எத்தனை முறுக்கு என்று எண்ணியே சம்பளம் வாங்கியவர். “அப்ப முறுக்கில்லாத நூலுன்னு சொல்லுங்க தம்பி. டிராயிங்ல சும்மா ஓடும். தறியில ஏத்துனா பட்டுப் பட்டுன்னு அறுந்துக்கும்” என்றார். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்ல வராது.

இரண்டு முனையையும் வெட்டி, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று மாற்றிக் கிரிம்ப் செய்தேன். டெஸ்டரில் அதே எட்டு விளக்கு. லேப்டாப்பில் கிகாபிட் பிடித்தது. டிவியை மாட்டினால் 100 பிடித்தது, எர்ரர் இல்லை. 94-க்குள் 80 அடங்கும். அன்றைக்குச் சர்வரிலிருந்தே தாலி ஏறியது. மாப்பிள்ளை போனில் அதை ரெக்கார்டு செய்து சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஆயிரம் ரூபாய்க்குப் பேசிய வேலை, அதற்குமேல் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

டிவி ஏன் 100-தான் பிடித்தது என்று கேட்பீர்கள். பெரிய 4கே டிவிகளில்கூட லேன் போர்ட் பெரும்பாலும் 100 மெகாபிட்தான் வைக்கிறார்கள். ஆன்லைனில் வரும் 4கே படம் 25 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு அது போதும். வீட்டு வீடியோவுக்குப் போதாது. சில வீடியோகிராஃபர்கள் எடிட் செய்யாத மூல ஃபைலை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள், நொடிக்கு 100 மெகாபிட். 94-க்குள் 100 எப்படிப் போகும்? இந்த ஒரு இடத்தில் மட்டும், “கம்பி போட்டா எல்லாம் சரியாகும்” என்று நானே ஊரெல்லாம் சொல்லிவந்தது செல்லாது. அதே ரூமில் ரூட்டர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தக் கம்பியைவிட வேகமாகவே போகும். இல்லையென்றால் ஃபைலை எச்.265-ல் 25, 30 மெகாபிட்டுக்குச் சுருக்கிவிடலாம். மூல ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பார்ப்பதற்குச் சுருக்கியதை வைக்கச் சொல்வேன். 43 இஞ்ச் டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் வித்தியாசம் எனக்கே தெரியாது. தெரிகிறது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

பாட்டு கேட்பவர்களிடமிருந்து எனக்குப் போன் வருவதே இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயண கவியின் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து ஒரு ராஸ்பெர்ரி பையில் வைத்திருக்கிறார். எம்பி3 எவ்வளவு நல்ல தரத்தில் இருந்தாலும் 320 கிலோபிட். எலி கடித்த கேபிளில்கூட அது போய்ச் சேர்ந்துவிடும். அவர் கூப்பிடுவது பேச்சுத் துணைக்கு.

போட்டு இவ்வளவு நேரம் கழித்து என்ற கணக்கில் நின்றால் பெரும்பாலும் சூடு. பனியன் கம்பெனிக்கு மேலே குடியிருக்கும் வீடுகளில் இது நிச்சயம் உண்டு. கீழே கட்டிங்கும் ஓவர்லாக்கும் ஓட, பஞ்சு மாடிப்படி ஏறி வந்துவிடும். அப்படி ஒரு வீட்டில் இடைவேளை வரும் நேரத்துக்குப் படம் திணற ஆரம்பிக்கும் என்றார்கள். காது மந்தமான தாத்தாவுக்காக அடியில் எழுத்து ஓடவிட்டிருந்தார்கள். ப்ளூரேயிலிருந்து வரும் எழுத்து எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். அந்த டிவிக்கு அதைப் போடத் தெரியவில்லை. தெரியாவிட்டால் சர்வரில் ஓடும் ஜெல்லிஃபின் புரோகிராம் என்ன செய்யும் என்றால், எழுத்தைப் படத்தின்மேலேயே பதித்து, முழு வீடியோவையும் ஓட ஓடப் புதிதாக என்கோடு செய்து அனுப்பும். (எம்பி என்ற இன்னொரு மீடியா சர்வர் புரோகிராம் மூல நிரலை மூடிக்கொண்டபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின், காசு கேட்காது என்பதால் நான் அதைத்தான் போடுவேன்.) பத்து வருஷப் பழைய லேப்டாப் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடைவேளைவரை அதைச் செய்தது. அப்புறம் சூடு ஏறி, பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. அடிமூடியைத் திறந்தால் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பனியன் பஞ்சு. விரலால் உரித்ததும் ஒரே துண்டாகக் கையோடு வந்தது, வெள்ளையும் கொஞ்சம் நேவி ப்ளூவும் கலந்து. அந்த வாரம் கீழே என்ன ஆர்டர் ஓடியது என்று அதைப் பார்த்தே சொல்லலாம். பஞ்சை எடுத்தேன். எழுத்தைத் தனி எஸ்ஆர்டி ஃபைலாக மாற்றிக் கொடுத்தேன். டிவி அதைத் தானே போட்டுக்கொண்டது, லேப்டாப்புக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

ராஸ்பெர்ரி பையில் டிவி மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்தால் சார்ஜரைப் பார்க்க வேண்டும். போர்டுக்கு வரும் 5 வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி வரும். “பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டா வோல்டேஜ் எறங்குதுங்க, அதான்” என்பார்கள். கரண்டின்மேல் பழி போட எங்களுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை, 2012-ன் மின்வெட்டைப் பார்த்தவர்கள். ஆனால் போன் சார்ஜர் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எதையும் வாங்கிக்கொள்ளும். நோஞ்சான் யுஎஸ்பி கேபிளில் ஹார்டு டிஸ்கையும் சேர்த்து ஓட்டுவதுதான் கோளாறு. தடித்த கேபிள், சரியான அடாப்டர், முடிந்தால் டிஸ்குக்குத் தனிக் கரண்ட். அவ்வளவுதான்.

கடிகாரக் கோளாறுகள்தான் எனக்குப் பிடித்தவை, ஏனென்றால் காரணம் வீட்டுக்கு வெளியே இருக்கும். லைன் வீடுகளில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சுவருக்கு ஒரு ரூட்டர் விழித்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். இருபது ரூட்டர் அதில் ஏறி உட்கார்ந்தால் யாருக்கும் இடமில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு வந்துவிடலாம். ஹார்டு டிஸ்கை ரூட்டர் தலைமேல் வைத்திருந்தால் அதையும் ஒரு மீட்டர் நகர்த்தச் சொல்வேன். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இரைச்சல் போடும், இன்டெல் 2012-லேயே இதைச் சொல்லி அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

தோட்டத்துச் சாளைகளில் கதை வேறு. லைன் கடைசியில் இருக்கும் வீடு. மோட்டார் எல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போகும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வைத்திருந்தால் 180-க்குக் கீழே அது பேட்டரிக்குத் தாவும், ஏறினால் திரும்பும். சாதா மோடில் வைத்தால் 100 வோல்ட்வரை பொறுத்துக்கொள்ளும், ஆனால் தாவும்போது இடைவெளி கூடும், ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். எந்தப் பக்கம் போட்டாலும் தொல்லை. ரூட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினால் இரண்டும் தீர்ந்தது.

குடிமங்கலம் தாண்டி ஒரு தோப்பு. பழைய சாளையில் நெட்டும் சர்வரும், இருநூறு மீட்டர் தள்ளிப் புதுவீட்டில் டிவி. நூறு மீட்டருக்குமேல் லேன் கேபிள் போகாது என்பதால், இரண்டு மொட்டைமாடியிலும் கம்பம் நட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பெட்டிகள் மாட்டியிருந்தது வேறொருவர். மாசி, பங்குனியில் அருமையாக ஓடியதாம். வைகாசி பிறந்ததிலிருந்து பகலில் படம் நிற்கிறது. காலை பத்து பதினொன்றுக்கு ஆரம்பித்துச் சாயங்காலம்வரை. ராத்திரியில் தொந்தரவில்லை. பெரியவர் சொன்னார்: “காத்தடிச்சா நிக்குதுங்க. சொன்னா எம் பையன் சிரிக்கறான்.”

நான் சிரிக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றை நம்பித்தான் உடுமலை, பூளவாடி, குடிமங்கலம் எல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். ஆனால் காற்று ரேடியோவை ஒன்றும் செய்யாது. கம்பம் ஆடுகிறதா என்று பார்த்தேன், பைப் நன்றாக இறுகியிருந்தது. ஆர்ஜே கனெக்டர் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பெட்டிக்குள் லாக்-இன் செய்து சிக்னல் அளவைத் திரையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியிலேயே உட்கார்ந்தேன். காற்று நிற்கும்போது அளவு நிலையாக நின்றது. ஒரு வீச்சு வந்தால் விழுந்து எழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், நடுவழியில் ஒரு தென்னை. நேர்கோட்டில் இல்லை, கொஞ்சம் விலகித்தான் நிற்கிறது. காற்று மேற்கிலிருந்து தள்ளும்போது மட்டும் மட்டைகள் கோட்டுக்குள் வந்து போகின்றன.

கண்ணுக்குக் கோடு தெரிந்தால் போதும் என்று நினைத்து மாட்டுகிறார்கள். ரேடியோ அலைக்கு அந்தக் கோட்டைச் சுற்றியும் இடம் வேண்டும். இருநூறு மீட்டர் தூரத்துக்கு இந்த அலைவரிசையில் நடுப்பாதையில் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நாலாபக்கமும் காலியாக இருக்க வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். பச்சை மட்டை முழுக்க ஈரம், 5 கிகாஹெர்ட்ஸ் அதில் பட்டால் பாதி அங்கேயே போய்விடும். மழை பெய்து நனைந்த மட்டை என்றால் கேட்கவே வேண்டாம்.

பெரியவர் என் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டார். “மரத்த வெட்டச் சொல்லீறாதீங்க சாமி. காய்க்கற மரம்.” வெட்டச் சொல்கிற எண்ணம் எனக்கும் இல்லை. இந்த மரத்தை வெட்டினால் அடுத்த வருஷம் அடுத்த மரம் வளர்ந்து வந்து நிற்கும். தோப்புக்குள் வயர்லெஸ் போட்டதே வீண் வேலை என்பது என் கட்சி. மாட்டுக்கொட்டகைப் பக்கமாக, தண்ணி பைப் போகிற தடத்தோடு ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் போடலாம் என்று சொன்னேன். ஃபைபருக்கு இருநூறு மீட்டர் ஒரு தூரமே இல்லை, இடி விழுந்தால் கரண்ட் அதன் வழியாக டிவிக்கு ஓடாது என்பது தோட்டத்தில் தனி லாபம். கணக்குப் போட்டால் அந்த இரண்டு வயர்லெஸ் பெட்டியின் விலைக்குப் பெரிதாகக் கூடவில்லை. சொட்டுநீர்க் குழாய் பதிக்க வந்த ஆட்களே வாய்க்கால் தோண்டிக் கொடுத்தார்கள். ஆடிக் காற்றில் ஓலை விழுகிற சத்தத்தோடு மத்தியானப் படம் பார்ப்பதாகப் பெரியவர் பிற்பாடு சொன்னார். பையன் இன்னும் நம்பவில்லையாம், தற்செயல் என்கிறானாம்.

உண்மையிலேயே டிஸ்க் கெட்டு நிற்கிற கேஸ்களும் வரும். அவை எனக்குப் பயம். மடத்துக்குளத்திலிருந்து வந்த ஒரு டிஸ்க், 1994-ல் வீஎச்எஸ்ஸில் எடுத்த கல்யாணம். கேசட்டில் பூஞ்சை பிடிக்கிறது என்று எங்கோ கொடுத்து டிஜிட்டலாக மாற்றி வாங்கியதும், கேசட்டுகளைப் பழைய பொருள்காரரிடம் போட்டுவிட்டார்கள். இருப்பது இந்த ஒரே டிஸ்க். எந்த டிவியில் போட்டாலும் நாற்பதாவது நிமிஷத்தையொட்டி நிற்கும், சில சமயம் டிக் டிக் என்று சத்தமும் கேட்கும் என்றார்கள். சத்தம் என்றதுமே கரண்டைப் பிடுங்கி வைக்கச் சொன்னேன். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் பார்த்தால், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்ற வரியில் எண் ஏறியிருந்தது. இப்படிப்பட்ட டிஸ்கில் சும்மா காப்பி-பேஸ்ட் போட்டால் கெட்ட இடத்திலேயே முட்டி முட்டி மிச்சமும் போகும். டிடிரெஸ்க்யூ என்று ஒரு புரோகிராம் உண்டு. லேசாகப் படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியாகத் திரும்பி வந்து சுரண்டும். ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் அதை ஓடவிட்டேன், டிஸ்க் சூடாகாமல் டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்து.

போனது கடைசியில் கொஞ்சம் செக்டர்தான். பந்தியில் பாயசம் ஊற்றும் இடத்தில் ஓரிரு நொடி கட்டம் கட்டமாக உடைகிறது. வீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, உடைகிற முகம் யாருடையது என்று மனைவியைக் கேட்டார். அந்தம்மாவுக்கும் தெரியவில்லை. இரண்டு புது டிஸ்க் வாங்குங்கள், ஒன்று சர்வருக்கு, இன்னொன்றைக் காப்பி எடுத்துப் பல்லடத்தில் இருக்கும் மகள் வீட்டில் வையுங்கள் என்றேன். ஒன்றுக்கு மட்டும் பணத்தை எண்ணி வைத்தார். இன்னொன்று அடுத்த மாசம் பார்க்கலாம் என்றவர், படியிறங்கும்போது 55 இஞ்ச் டிவி இப்போது என்ன விலை என்று விசாரித்தார்.